பசுமைச் சான்றிதழ் வாங்கினால் வீட்டு வரி குறையுமா?

கேள்வி: மதுரை திருநகர் பக்கம் எங்களுக்கு 30-க்கு 50 மனை இருக்கிறது. மேற்குப் பார்த்த மனை. கீழே 900, மேலே 700 என்று மொத்தம் 1,600 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். பேசி வைத்திருக்கும் கான்ட்ராக்டர், “இன்னும் 2,40,000 ரூபாய் போட்டால் கிரீன் பில்டிங்காகவே முடித்து, சான்றிதழும் வாங்கித் தருகிறேன். மாநகராட்சி வருஷா வருஷம் சொத்து வரியில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கும். கூடுதலாகக் கட்டிக்கொள்ள அனுமதியும் கிடைக்கும்” என்கிறார். என் மனைவி, அந்தப் பணத்தில் மொட்டை மாடியில் சோலார் போட்டுவிடலாம் என்கிறார். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் கோடையில் இரண்டு மாதத்துக்கு 540 யூனிட் வரை ஓடுகிறது. பக்கத்துத் தெருவில் இதே அளவு வீட்டுக்கு என் மைத்துனர் அரையாண்டுக்கு 3,200 ரூபாய் வரி கட்டுகிறார். அரசு உண்மையில் என்ன சலுகை தருகிறது? யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகர், மதுரை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் சொல்லும் சோலாருக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. அவை என்னவென்று சொல்கிறேன். முதலில் கான்ட்ராக்டரின் கணக்கை முடித்துவிடுவோம்.

உங்கள் மைத்துனர் வீட்டையே அளவாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 6,400 ரூபாய் வரி. அதில் 10 சதவீதம் என்றால் 640 ரூபாய். 2,40,000 ரூபாயை 640-ஆல் வகுத்தால் 375 வருகிறது. அதாவது, அவர் சொல்லும் தள்ளுபடி உண்மையாகவே கிடைத்தால்கூட, போட்ட பணம் திரும்ப 375 வருஷம் ஆகும். கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. 26 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்; தமிழ்நாட்டில் ஒரு தனி வீட்டுக்குப் பசுமைச் சான்றிதழைக் காட்டிச் சொத்து வரியைக் குறைத்து வாங்கிக் கொடுத்ததாக எனக்கு அனுபவம் இல்லை. அப்படி ஓர் ஆணை இருக்கிறது என்று அவர் சொன்னால், அதன் எண்ணையும் தேதியையும் எழுதிக் கேளுங்கள். நம் ஊரில் எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது, அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் வரியைக் கட்டுபவர்களுக்குத் தரும் 5 சதவீத ஊக்கத்தொகைதான். அதற்கு உச்சவரம்பு 5,000 ரூபாய். அதை வாங்க வீடு பசுமையாக இருக்க வேண்டியதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மறக்காமல் கட்டினால் போதும்.

கான்ட்ராக்டர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொன்ன 10 சதவீதம் வேறோர் ஊரில் உண்மை. புனே மாநகராட்சி பல வருஷங்களாக அதைக் கொடுத்து வருகிறது. சோலார், மழைநீர் சேமிப்பு, மண்புழு உரக்குழி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சொத்து வரியில் 5 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம். புனேவை ஒட்டிய பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. கிரிஹா என்ற தேசியப் பசுமைக் கட்டட மதிப்பீட்டில் எத்தனை நட்சத்திரம் வாங்குகிறதோ அதற்குத் தக்கபடி, கட்டுபவருக்குக் கட்டட அனுமதிக்கான பிரீமியம் கட்டணத்தில் 10 முதல் 50 சதவீதம் வரை குறைப்பு, குடியிருப்பவருக்குச் சொத்து வரியில் சலுகை. இந்த மாதிரிச் செய்திகள்தான் வாட்ஸ்அப்பில் ஊர் பெயர் உதிர்ந்துபோய், “மாநகராட்சி தருகிறது” என்று மட்டும் நம் கைக்கு வந்து சேர்கின்றன.

அடுத்தது, கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற பேச்சு. இதுவும் உள்ளதுதான், ஆனால் உங்களுக்கு உதவாது. ஒரு மனையில் எவ்வளவு பரப்பு கட்டலாம் என்பதற்கு எஃப்.எஸ்.ஐ. என்று ஒரு கணக்கு உண்டு. மகாராஷ்டிராவின் 2020 விதிகளின்படி, பசுமை மதிப்பீட்டின் தரத்தைப் பொறுத்து அடிப்படை எஃப்.எஸ்.ஐ.யில் 3, 5 அல்லது 7 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். நொய்டாவில் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைகளில் கிரிஹா 4 நட்சத்திரம், 5 நட்சத்திரம் வாங்கினால் 5 சதவீதம் கூடுதல். நூறு வீடுகள் கட்டி விற்கும் கம்பெனிக்கு அந்த 5 சதவீதம் ஐந்து வீட்டின் விலை. உங்கள் மனை 1,500 சதுர அடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரணக் குடியிருப்புக்குத் தரும் எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு. நீங்கள் 3,000 சதுர அடி வரை கட்டலாம். கட்டப்போவதோ 1,600. கையில் இருப்பதையே பாதிதான் பயன்படுத்தும் உங்களுக்குக் கூடுதல் எதற்கு?

உள்ளாட்சிகள் ஏன் பணமாகக் கொடுக்காமல் பரப்பாகக் கொடுக்கின்றன என்று நீங்கள் யோசிக்கலாம். பணமாகக் கொடுத்தால் வருமானத்தில் துண்டு விழும். சொத்து வரிதான் அவர்களுக்குச் சம்பளம் போட, குப்பை அள்ள, தெருவிளக்கு எரிக்க வருகிற காசு. கூடுதல் பரப்பு கொடுப்பதற்குக் கஜானாவிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. அதனால்தான் பெரிய ஊக்கத்தொகைகள் பெரிய கட்டடங்களுக்குப் போகின்றன. மூன்றரை சென்ட்டில் வீடு கட்டுபவருக்கு வந்து சேருவது குறைவு. இது சரியல்ல என்பது என் எண்ணம். ஓர் ஊரின் கூரைப் பரப்பில் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களின் மொட்டை மாடிகள்தான்.

ஆனால் சலுகையை அறிவித்துவிட்டால் மட்டும் வேலை நடந்துவிடாது. புனேயிலேயே, தள்ளுபடி வாங்கிய பல இடங்களில் சோலாரும் மழைநீர்க் குழியும் இயங்காமல் கிடப்பதைப் பிறகு ஆய்வில் கண்டுபிடித்து, சலுகையை ரத்து செய்ய வேண்டி வந்தது. மகாராஷ்டிர விதி இந்த விஷயத்தில் கெட்டியானது. மதிப்பீடு வாங்குவேன் என்று சொல்லிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ.யைப் பெற்றவர், கடைசியில் அந்த மதிப்பீட்டை எட்டாவிட்டால், கூடுதலாகப் பெற்ற பரப்புக்கு நில மதிப்பைப் போல இரண்டு மடங்கு அபராதம் கட்ட வேண்டும். சலுகை என்றால் அதற்கு இப்படி ஒரு கடிவாளம் வேண்டும்.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. சலுகை கொடுத்து அல்ல, சட்டம் போட்டு. நாட்டுக்கே முன்னோடியான சட்டம் அது. அந்த வருஷம் கொத்தனார்களுக்கு ஓய்வே இல்லை; ஊர் முழுக்கக் குழி தோண்டினார்கள். ஆனால் சட்டத்துக்காகத் தோண்டிய குழிக்கும் தண்ணீருக்காகத் தோண்டிய குழிக்கும் வித்தியாசம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ஒரு வீட்டில் மேல்தளம் எடுப்பதற்காகப் பார்க்கப் போனேன். பிளானில் மழைநீர்க் குழி அழகாகக் காட்டப்பட்டிருந்தது. தாழ்வாரத்து ஓரத்தில் இருந்த மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். உள்ளே முக்கால் குழிக்குக் கட்டுமானக் கழிவு, இறுகிப்போன ஒரு சிமெண்ட் மூட்டை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. மாடியிலிருந்து இறங்கிய பைப் குழிக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. எல்போ வாங்க மறந்தார்களோ என்னவோ, பதினைந்து வருஷ மழை அந்த வீட்டில் தெருச் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் அதே பதினைந்து வருஷத்தில் இரண்டாவது போர்வெல் போட்டிருந்தார்.

இப்போது இந்தப் பொறுப்பு இன்னும் அதிகமாக உங்கள் தலையில் விழுகிறது. 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரையிலான மனையில் தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் வீடு அந்த வரம்புக்குள் வருகிறது. அலைச்சல் இல்லாத நல்ல ஏற்பாடு, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் “விதிப்படி கட்டுகிறேன்” என்று கையெழுத்துப் போடுபவர் நீங்கள். குழி தோண்டும் அன்று பக்கத்தில் நிற்க வேண்டியவரும் நீங்கள்தான்.

அந்தக் குழியால் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். உங்கள் கூரைப் பரப்பு மேலும் கீழுமாகச் சேர்த்து 900 சதுர அடி. அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 83 லிட்டர். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தால் 66,000 லிட்டருக்கு மேல். இதில் கொஞ்சம் ஆவியாகும், முதல் மழை அழுக்கோடு போகும். மீதியைப் போர்வெல்லுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கினால் உங்கள் போர்வெல்லும் பிழைக்கும், அடுத்த வீட்டுப் போர்வெல்லும் பிழைக்கும். செய்வது எளிது. மூன்றடி விட்டத்தில் சிமெண்ட் உறை இறக்கி, அடியில் கருங்கல், அதற்கு மேல் ஒன்றரை அங்குல ஜல்லி, அதற்கு மேல் மணல். மழை பைப் குழிக்குள் விழுவதற்கு முன் ஒரு சின்ன வண்டல் தொட்டி. சருகும் மண்ணும் அங்கேயே தங்கிவிடும், வருஷத்துக்கு ஒருமுறை ஆடி மாதத்தில் அள்ளிப் போட்டால் போதும். மூடி, ஓர் ஆள் தூக்கக்கூடிய எடையில் இருக்கட்டும். தூக்க முடியாத மூடியை யாரும் திறப்பதில்லை. திறக்காத குழி மூன்றாவது வருஷம் செத்துவிடும். செப்டிக் டேங்குக்கும் இந்தக் குழிக்கும் நடுவே மனை இடம் கொடுக்கும் மட்டும் தூரம் விடுங்கள்.

அப்புறம் கூரை. இதைப் பற்றித்தான் நான் உங்களோடு அதிகம் பேச விரும்புகிறேன். கான்ட்ராக்டரின் ‘கிரீன் பேக்கேஜ்’ பட்டியலை நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறீர்கள். எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் குறைவாக ஊற்றும் குழாய், நச்சு குறைந்த பெயிண்ட், முன்பக்கச் சுவரில் செடி வளர்க்கும் சட்டம், சான்றிதழ்க் கட்டணம். எதுவும் கெட்டது இல்லை. ஆனால் கூரை என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. மதுரை ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரையில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வெயிலின் பெரும்பங்கைத் தலையில் வாங்கிக்கொள்வது உங்கள் மேல்தளம்தான், சுவர் அல்ல.

வைகாசி மாதத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு, வெறும் கான்கிரீட் கூரை போட்ட ஏதாவதொரு மேல்மாடி அறைக்குள் போய், ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ரொட்டி அடுப்பின் பின்பக்கச் சுவரைத் தொட்ட மாதிரி இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலை அது ராத்திரி முழுக்க உங்கள் மேல் கக்குகிறது. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். ஏசி அதோடுதான் விடிய விடியச் சண்டை போடும். உங்கள் 540 யூனிட்டில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது.

நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின்மேல் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் தெளித்துத் தட்டத் தட்ட அது கெட்டிப்பட்டு, தண்ணீரும் இறங்காது, சூடும் இறங்காது. அதன்மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இது எல்லா வீட்டிலும் நடந்தது. இப்போது மேஸ்திரிகள், “அதெல்லாம் எதுக்கு சார், வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் அடிச்சு ஒரு ப்ளாஸ்டரிங் போட்டா போதும்” என்கிறார்கள். ஒழுகாமல் இருக்க அது போதும். சூட்டுக்குப் போதாது. உங்கள் 700 சதுர அடிக்குச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால், வெப்பத்தடைப் பலகை வைத்து அதன்மேல் கான்கிரீட் போடலாம். எதைச் செய்தாலும் மேல்முகம் வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் பதியுங்கள், இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். தெலங்கானா அரசு 2023-ல் கூரைக் குளிர்ச்சிக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை கொண்டுவந்து, அரசுக் கட்டடங்களுக்கும் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட மனைகளுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அவ்வளவு முக்கியமான விஷயம் இது.

கூரைக்கு அடுத்தது மேற்கு. உங்கள் மனை மேற்குப் பார்த்தது என்பதால் முகப்பு முழுக்க மாலை வெயில் அறையும். அனுப்பிய வரைபடத்தில், எலிவேஷன் எடுப்பாக இருக்கவேண்டும் என்பதற்காக மாடியில் மேற்கே எட்டடிக்குக் கண்ணாடி ஜன்னல் போட்டிருக்கிறார்கள். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை. அந்த அறைக்குத் தெற்கும் மேற்கும் வெளிச்சுவர், தலைக்கு மேல் கூரை. வீட்டிலேயே சூடான அறையில் நீங்கள் தூங்கப்போகிறீர்கள். கன்னி மூலையை மாற்ற மனசு இல்லையென்றால் மாற்ற வேண்டாம், எனக்குப் புரிகிறது. அறைக்குள் மேற்குச் சுவர் நெடுக்க அலமாரியைக் கொண்டுபோய் வையுங்கள், சூடு துணிமணியோடு நின்றுவிடும். எட்டடி ஜன்னலை நான்கடியாக்கி, அதற்கு முன்னால் இரண்டடி தள்ளித் துளைகள் உள்ள ஜாலி கல் கட்டுங்கள். சன்ஷேடு மட்டும் மேற்கு வெயிலைத் தடுக்காது. நாலு மணிக்கு மேல் சூரியன் அதற்குக் கீழே இறங்கி நேராக உள்ளே பார்க்கும். கார் நிறுத்தும் போர்ட்டிகோவும் மாடிப்படியும் மேற்கே இருந்தால் கீழ்த்தளத்து ஹாலுக்கு அவையே குடை. தெருவோரம் ஒரு புங்கன் வையுங்கள். ஐந்து வருஷத்தில் மாடி உயரத்துக்கு வந்துவிடும்.

காற்றோட்டத்துக்கு ஒரு கணக்கு சொல்லித் தருகிறேன். வீடுகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பை மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-ல் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற பெயரில் வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில், வீட்டின் உட்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளியே திறக்கும் ஜன்னலும் கதவுமாக இருக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் உட்பரப்பு 1,260 சதுர அடி வரும் என்று வைத்தால் 210 சதுர அடி திறப்பு வேண்டும். உங்கள் வரைபடத்தில் ஜன்னல் கணக்கு அதற்குக் கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் எல்லாம் ஸ்லைடிங். ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், அதனால் உங்கள் கணக்கும் பாதியாகிவிடுகிறது. படுக்கையறைகளிலாவது முழுக்கத் திறக்கிற கதவு ஜன்னலாக மாற்றுங்கள்.

சரி, சோலார். இங்கேதான் உங்கள் மனைவி சொல்வதில் நிஜமான பணம் இருக்கிறது. இது மாநகராட்சிச் சலுகை அல்ல, மத்திய அரசு மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000-தான். அரசு அடிப்படையாக எடுத்துக்கொண்ட விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்கு தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. அதற்கு மேல் விலை சொல்பவரிடம் எதனால் கூடுகிறது என்று பட்டியல் கேளுங்கள். ஸ்டாண்டை உயர்த்திப் போட்டால் கூடும், அது நியாயம். பேனல் இந்தியத் தயாரிப்பாக இருந்தால்தான் மானியம் உண்டு. பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போகும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் கணக்கிடும் நெட் மீட்டரைப் பொருத்தி இயங்கத் தொடங்கிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பம் தேசிய இணையதளத்தில், ஈபி இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில். அதனால் கட்டட வேலைக்கு வாங்கிய தற்காலிக இணைப்பு வீட்டு இணைப்பாக மாறி உங்கள் பெயரில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.

எத்தனை கிலோவாட்? நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட், 3 கிலோவாட் 720. இன்றைய கணக்குக்கு உங்களுக்கு 2 போதும். இரண்டாவது ஏசியோ எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ வரும் எண்ணம் இருந்தால் 3 போடுங்கள். முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம் என்பது உங்களுக்குத் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடுகிறது; தொடக்க யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். நீங்கள் இப்போது 540-ல் நிற்கிறீர்கள். கூரையை மட்டும் சரியாகப் போட்டாலே, சோலார் வருவதற்கு முன்பே 500-க்குக் கீழே இறங்கிவிடுவீர்கள் என்று நான் நம்புகிறேன். கூரையை முதலில் சொன்னதற்கு அதுதான் காரணம்.

சோலாரை அடுத்த வருஷம் போட்டாலும், அதற்கான ஏற்பாட்டை இப்போதே கட்டடத்துக்குள் வைத்துவிடுங்கள். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். உங்கள் பிளானில் தண்ணீர் டேங்க் கன்னி மூலையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மாலையில் அந்த டேங்கின் நிழல் வடகிழக்கே நீண்டு, நீங்கள் பேனல் வைக்க நினைக்கும் இடத்திலேயே விழும். ஒரு பேனலில் விழும் நிழல் அதோடு கோத்திருக்கும் மற்ற பேனல்களின் உற்பத்தியையும் இழுத்துவிடும். எனவே பேனல் வரிசையைக் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளுங்கள். எட்டடி உயர ஸ்டாண்டில் வைத்தால் கீழே துணி காயப்போடலாம், தளத்துக்கும் நிழல் கிடைக்கும். ஸ்டாண்டுக் கால்களுக்கான சிறு கான்கிரீட் பீடங்களை, தளவரிசை போடுவதற்கு முன்பே தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். டைல்ஸ் எல்லாம் பதித்த பிறகு ட்ரில் போட்டுப் போல்ட் அடித்த மாடிகள் ஒழுகுவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலி பைப்பையும் சுவருக்குள் விட்டு வையுங்கள்.

உறவினர்களோ நண்பர்களோ அடுக்ககத்தில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சங்கத்தின் பொது விளக்கு, மோட்டார், லிஃப்ட், வண்டி சார்ஜிங் ஆகியவற்றுக்குப் போடும் சோலாருக்கு இதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

சான்றிதழ் வேண்டவே வேண்டாமா என்றால், உங்கள் அளவு வீட்டுக்கு வேண்டாம் என்பேன். பசுமைச் சான்றிதழ் தரும் ஐ.ஜி.பி.சி., கிரிஹா இரண்டும் மதிப்புள்ள அமைப்புகள். கிரிஹாவில் சின்னக் கட்டடங்களுக்கென்று ஸ்வகிரிஹா என்று தனிப் பிரிவே இருக்கிறது. அவர்களுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடி கட்டுங்கள். கட்டணம் கட்டிப் பலகை வாங்குவதற்கான பணத்தைக் கூரையில் போடுங்கள். வங்கிக் கடனில் வட்டி குறையும் என்று யாராவது சொன்னால், அதை வங்கி எழுத்தில் தரட்டும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2022-லிருந்து நம் மாநகராட்சிகளில் வார்டுக்குள் ஏரியா சபைகள் இருக்கின்றன. உங்கள் பகுதிச் சபை கூடும்போது போங்கள். உயிரோடு இருக்கும் மழைநீர்க் குழி வைத்திருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியில் ஒரு சிறு சலுகை, அதை வருஷா வருஷம் மழைக்கு முன் ஓர் ஊழியர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தரவேண்டும் என்று கேளுங்கள். 100 ரூபாயாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நூறு ரூபாய்க்காக நம் ஊரில் எத்தனை குழிகள் தூர் வாரப்படும் என்று நினைத்துப் பாருங்கள்.

கான்ட்ராக்டரிடம், பேக்கேஜில் இருக்கும் சான்றிதழ்க் கட்டணத்தையும் செடிச் சட்டத்தையும் எடுத்துவிட்டு, 700 சதுர அடி வெப்பத்தடைத் தளம், வெள்ளை டைல்ஸ், மேற்கு ஜாலி, உறைக் குழி, பேனல் பீடம் ஆகிய ஐந்துக்கும் தனித்தனியாக விலை போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த எட்டடி ஜன்னலுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.